அதில் முன்பு இருந்த மீன்

"அப்பா, இத கோவளத்துல விட்டுடலாமா?"

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் கேட்டாள். 2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாவலூரில் எங்கள் வீடு பதினோராவது மாடியில் இருக்கிறது. கிழக்குப் பார்த்த பால்கனியில் நின்றால், கட்டடங்களுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் அந்தப் பக்கம், வெயில் நன்றாக அடிக்கிற நாட்களில் கடல் ஒரு கோடாகத் தெரியும். கோவளம் வண்டியில் போகிற தூரம்தான். வரவேற்பறையில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஒரே ஒரு மீன். கடல் மீன். கடல் அதோ இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தை இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் என்ன தப்பு?

"அது இந்தக் கடல் மீன் இல்லம்மா" என்றேன்.

"அப்ப எந்தக் கடல்?"

யோசித்துப் பார்த்தால் அந்த மீனுக்கு எந்தக் கடலும் இல்லை. அது பிறந்தது ஒரு குஞ்சு பொரிப்பகத்தில். அதன் தாய் முட்டையிட்டது ஒரு ஓட்டுத் துண்டின் மேல். அதன் முன்னோர்கள் எந்தத் தீவின் ஓரத்தில் பிடிக்கப்பட்டார்கள் என்று எனக்கு விற்றவருக்கும் தெரியாது, அவருக்கு விற்றவருக்கும் தெரிந்திருக்காது. மகளுக்குப் பதில் சொல்லாமல் தோசை வார்க்கப் போய்விட்டேன். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. அதைத் துரத்திக்கொண்டு போனதில், அந்த மீனைப் பற்றி மட்டுமல்லாமல், அதே தொட்டியில் மூன்று மாதம் இருந்து செத்துப்போன இன்னொரு உயிரைப் பற்றியும், அந்த உயிருக்குள் முன்பு குடியிருந்த, நான் கண்ணால் பார்த்தேயிராத ஒரு மீனைப் பற்றியும் யோசிக்க வேண்டியதாயிற்று.

*

மீன் எதுவென்று இந்நேரம் யூகித்திருப்பீர்கள். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை. 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ'வுக்குப் பிறகு உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குத் தெரிந்த கோமாளி மீன். ஆம்ஃபிப்ரியான் ஒசெல்லாரிஸ் என்பது அறிவியல் பெயர். ஒரு விரல் நீளம்தான் வளரும். இந்திய எல்லைக்குள் இதைக் கடலில் பார்க்க வேண்டுமென்றால் அந்தமானுக்குப் போக வேண்டும். செங்கல்பட்டுக் கரையில் பவளப்பாறை கிடையாது. மணலும், ஆங்காங்கே கல்லும்தான். கோவளத்தில் விட்டால் முதல் மணி நேரத்திலேயே ஏதாவது ஒரு மீனின் வாய்க்குள் போய்விடும்.

கோமாளி மீன்களில் ஏறக்குறைய முப்பது இனங்கள் இருக்கின்றன. எல்லாமே கடலில் ஒரே மாதிரி வீட்டில்தான் வாழ்கின்றன. கடல்சாமந்தி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். கடைக்காரர்கள் அனிமோன் என்பார்கள். பூ மாதிரி இருக்கும், ஆனால் அது விலங்கு. நூற்றுக்கணக்கான விரல்கள், ஒவ்வொரு விரலிலும் கொட்டும் செல்கள். வேறு சிறு மீன் உரசினால் செயலிழந்து அதற்கு இரையாகிவிடும். கோமாளி மீனை மட்டும் அதன் உடம்பின் மேலுள்ள சளிப்படலம் காப்பாற்றுகிறது. மற்ற மீன்கள் நெருங்க அஞ்சும் இடத்தில் இது கட்டில் போட்டுப் படுத்திருக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல்சாமந்தி இனங்களில் வெறும் பத்து இனங்களே கோமாளி மீனுக்கு இடம் கொடுக்கின்றன.

இதைச் சும்மா தஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. வாடகையும் உண்டு. அனிமோனைக் கொத்தித் தின்ன வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களைத் தன்னைவிடப் பெரிதென்றும் பாராமல் கோமாளி மீன் விரட்டியடிக்கும். இதன் கழிவிலுள்ள அம்மோனியா, அனிமோனின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு உரம். இரவில் தண்ணீரில் உயிர்வளி குறையும்போது, மீன் விரல்களுக்கிடையே அசைந்துகொண்டே இருப்பதால் அனிமோனுக்கு மூச்சு ஓட்டம் கிடைக்கிறது. மீன் குடியிருக்கும் அனிமோன், வெறுமையாக இருக்கும் அனிமோனைவிட நன்றாக வளர்கிறது என்று கடலிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

2023-இல் தொட்டி வாங்கியபோது இதில் பாதி எனக்குத் தெரியும். பாதி தெரிந்தவனுக்குத்தான் தைரியம் அதிகம்.

*

வாங்குவதற்கு முன் மூன்று வாரம் படித்தேன். கடல் மீன் தொட்டி வைப்பதில் ஒரு பாவக்கணக்கு இருக்கிறது. நன்னீர் வண்ணமீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் வளர்ந்தவை. கடல் வண்ணமீன்களில் பெரும்பாலானவை பாறையிலிருந்து பிடிக்கப்பட்டவை. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பைச் சேர்ந்தவர்கள் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி வரை கடல் மீன்கள் தொட்டிகளுக்காக விற்கப்படுவதாகக் கணக்கிட்டது. இதில் கோமாளி மீன் மட்டும் ஒரு நல்ல விதிவிலக்கு. தொட்டியிலேயே முட்டையிட்டுத் தொட்டியிலேயே வளரும். நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மன்னார் வளைகுடாவில் வாழும் கோமாளி மீனான ஆம்ஃபிப்ரியான் செபே இனத்தைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சுகளை வளர்க்கும் முறையை 2001-லேயே வெளியிட்டது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் பல இனங்களில் இதைச் செய்து காட்டியது.

ஆகவே நான் கடையில் முதலில் கேட்ட கேள்வி: "இது கடல்ல புடிச்சதா, ஹேச்சரியா?"

"ஹேச்சரி சார். நூறு பெர்சன்ட் டேங்க்-பிரெட். நீங்க வேணா பாருங்க, பெல்லட் போட்டா ஓடி வரும். கடல் மீனு அப்படி வராது."

பெல்லட் போட்டார். ஓடி வந்தது. நான் ஒரு ஜோடி வாங்கினேன். சுத்தமான மனசாட்சிக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதல் விலை கொடுத்தேன் என்றுகூடப் பெருமையாக இருந்தது. பில் போடும்போது கடைக்காரர் கேட்டார். "அனிமோன் வேணாமா சார்? நீமோன்னா அனிமோன் இருந்தாத்தான லுக்கு? ராமேஸ்வரம் பக்கத்துலேந்து நேத்துதான் வந்துச்சு, கார்ப்பெட்டு."

அகலமான தட்டு மாதிரி, குட்டை விரல்களுடன், வெளிர் பச்சையாக ஒரு வாளியில் கிடந்தது. மகள் கைதட்டினாள். வாங்கிவிட்டேன்.

அனிமோனைப் பற்றி, 'ஹேச்சரியா' என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை என்பதுதான் இத்தனை நாள் கழித்தும் என்னை உறுத்துகிறது. மறந்துபோய்க் கேட்காமல் இருப்பது வேறு. அது கேட்கப்பட வேண்டிய பொருள்களின் பட்டியலிலேயே என் தலைக்குள் இல்லை. மீன் உயிர், அனிமோன் மீனுக்கான மெத்தை.

*

மீன்கள் அந்த மெத்தையில் படுக்கவே இல்லை.

முதல் வாரம் பழகும் என்று காத்திருந்தோம். இரண்டாவது வாரமும் இரண்டும் சேர்ந்து தொட்டியின் வலது மூலையில், பம்ப் தண்ணீர் பீய்ச்சும் இடத்தில், அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூக்கை உரசிக்கொண்டு தூங்கின. அனிமோன் நான்கடி தள்ளி இருந்தாலாவது புரிந்துகொள்ளலாம். ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பிறகுதான் படித்தேன். 1996-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இதே ஒசெல்லாரிஸ் மீனை வைத்து ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். அனிமோனுக்குப் பக்கத்தில் இட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள், வளர்ந்தபின் அந்த அனிமோனைச் சட்டென்று கண்டுபிடித்து உள்ளே போயின. அனிமோனே இல்லாமல் பொரித்த குஞ்சுகள் தடுமாறின, வெகுநேரம் எடுத்துக்கொண்டன. முட்டைக்குள் இருக்கும்போதே வீட்டின் வாசனை படிந்துவிடுகிறது போலிருக்கிறது. ஓட்டுத் துண்டின் மேல் பிறந்தவற்றுக்குப் படிய வாசனை ஏது?

அனிமோன் மெல்லச் சுருங்கிக்கொண்டே வந்தது. இவை அடித்தட்டால் மணலுக்கடியில் உள்ள கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவை. பறிக்கும்போது அந்தப் பாதத்தில் சிறு கிழிசல் விழுந்தாலே பிழைப்பது கடினம். வெளிச்சம் குறைந்தாலும் அப்படித்தான், உள்ளிருக்கும் பாசி பட்டினியாகும். நான் வாங்கியதில் எது குறை என்று தெரியவில்லை. நவம்பர் கடைசியில் அது சாப்பாட்டுத் தட்டு அளவிலிருந்து உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது.

டிசம்பர் 4, மிக்ஜாம். சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த நாளை விவரிக்கத் தேவையில்லை. எங்கள் அடுக்ககத்தில் மின்சாரம் போனது, ஜெனரேட்டர் சில மணி நேரத்தில் நின்றது, கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். வீட்டு இன்வெர்ட்டரில் முதலில் எதை ஓட்டுவது என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பெங்களூரில் இருந்த குழுவுக்கு ஒரு மெயில் அனுப்பும்வரை இணைய ரூட்டருக்குக் கொடுத்தேன். பிறகுதான் பம்புக்கு. இன்வெர்ட்டர் இரவுக்குள் தீர்ந்தது. அப்புறம் நானும் மனைவியும் மாறி மாறி ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தோம், காற்றாவது கலக்கட்டும் என்று. விடிகாலையில் அனிமோன் உருகியிருந்தது. உண்மையாகவே உருகித்தான் போகும். வெந்த சவ்வரிசி மாதிரி குழைந்து, அழுகல் நாற்றம். அந்த அழுகலே தண்ணீரை விஷமாக்கிவிடும். நண்பகலில் பெரிய மீன் பக்கவாட்டில் மிதந்தது. பெரியதுதான் பெண். கோமாளி மீன்களில் எல்லாமே முதலில் ஆண். கூட்டத்தில் மிகப் பெரியது மட்டும் பெண்ணாகும். அது இறந்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறும். ஆகவே மிச்சமிருந்த சின்னது இந்நேரம் பெண்ணாகியிருக்கும், துணைக்கு ஆண் இல்லாத பெண்ணாக.

தண்ணீர் வடிந்து நான்கு நாள் கழித்துக் கடைக்காரருக்கு போன் செய்தேன். திட்டுவதற்கு அல்ல, வேறு அனிமோன் வாங்கலாமா என்று கேட்க. நான் இன்னும் திருந்தியிருக்கவில்லை. பேச்சுவாக்கில் அவரே சொன்னார்:

"அந்தக் கார்ப்பெட்டோட ஒரு ஜோடி வந்துச்சு சார், கறுப்பு நீமோ. அத தனியா ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டாரு."

*

கறுப்பு நீமோ என்று அவர் சொன்னது செபேயைத்தான். கருந்தவிட்டு உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். மண்டபத்தில் 2001-இல் முட்டையிட வைத்த அதே இனம். அது வாழ்வது ஸ்டைக்கோடாக்டைலா ஹடோனி என்ற ஒரே ஒரு வகை அனிமோனில். கடைக்காரர் கார்ப்பெட் என்று சொல்லி எனக்கு விற்றது அதைத்தான். அதாவது அந்தமான் வம்சத்து, தொட்டியில் பிறந்த, அனிமோன் என்றால் என்னவென்றே தெரியாத இரண்டு மீன்களுக்காக, மன்னார் வளைகுடாவில் ஒரு ஜோடி மீன் உண்மையிலேயே குடியிருந்த வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து என் வரவேற்பறையில் வைத்திருக்கிறார்கள். நான்தான் வைத்தேன்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள். 1986-இல் 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்பு என்ன நடந்தது என்பது சுண்ணாம்பின் கதை. அங்கே மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து, படகில் ஏற்றி, சுண்ணாம்புக்கும் கட்டடக் கல்லுக்கும் அனுப்பினார்கள். அந்தக் கரையில் பழைய வீடுகளின் சுவரில் இன்றும் முருகைக்கல்லைப் பார்க்கலாம். 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன, புலியோடும் யானையோடும். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கடியில். அப்புறம் வெப்பம். 2016 கோடையில் பாறைகள் வெளுத்தன. உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறக்குறைய 39 விழுக்காட்டிலிருந்து 23-க்கு இறங்கியதாகத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம் அளந்தது. அனிமோனுக்குள்ளும் அதே மாதிரிப் பாசிகள்தான். வெப்பம் ஏறினால் அதுவும் வெளுக்கும்.

(எனக்கும் அந்தச் சுண்ணாம்புக் கதையில் ஒரு சிறு பங்கு உண்டு. 1998-இல் பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போனபோது, சங்கும் சோழியும் விற்ற தள்ளுவண்டியில் பத்து ரூபாய்க்கு ஒரு வெள்ளைப் பவளத்துண்டு வாங்கினேன். கடல் செடி என்று சொல்லி விற்றார். அம்மா வீட்டு ஷோகேஸில் ரொம்ப நாள் இருந்தது. அது எலும்புக்கூடு என்று எனக்குத் தெரிந்தது பொறியியல் கல்லூரி முடித்த பிறகு.)

போன வருடம் பாம்பனுக்குப் போயிருந்தபோது, முன்பு சங்கு குளித்த ஒரு பெரியவரிடம் கேட்டேன், இந்த மீனைப் பார்த்திருக்கிறீர்களா என்று. போனில் படம் காட்டினேன். மீனை அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அனிமோனைத்தான் பார்த்தார். உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து, விரல்களை மெதுவாக அசைத்துக் காட்டினார்.

"மணலுக்குள்ள இழுத்துக்கிரும் தம்பி. தோண்டித்தான் எடுக்கணும். அத எடுத்துட்டா இந்த மீனு எங்கிட்டுப் போய் நிக்கும்? அங்கயே சுத்திக்கிட்டு நிக்கும். கொடுவாயோ களவாவோ வந்து தின்னுட்டுப் போயிரும்."

அவர் சொன்னது பிலிப்பைன்சில் கணக்காகவே வந்திருக்கிறது. செபு தீவுக்கருகே 2005-இல் வெளியான ஆய்வு, தொட்டி வணிகத்துக்காகப் பிடிக்கும் இடங்களையும் பிடிக்காத இடங்களையும் ஒப்பிட்டது. பிடிக்கும் இடங்களில் கோமாளி மீன் மிகக் குறைவு. மீனைப் பிடித்ததால் குறைந்தது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் அனிமோன் குறைந்ததுதான். மீன் சில வருடங்களில் முட்டையிட்டுத் திரும்ப நிரம்பிவிடலாம். அனிமோன் அப்படியல்ல. இவற்றுக்கு எவ்வளவு ஆயுள் என்றால், 1828-இல் ஸ்காட்லாந்துக் கரையில் ஜான் டேலியெல் என்ற இயற்கையியலாளர் எடுத்துவந்து ஜாடியில் வளர்த்த ஒரு கடல்சாமந்தி, அவர் இறந்த பிறகும் கைமாறிக் கைமாறி, 1887 வரை உயிரோடு இருந்தது. அதற்குப் பாட்டி என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது குளிர்க்கடல் இனம், என்னுடையது வேறு இனம். என்றாலும், என் வாளிக்கு வந்தது என்னைவிட மூத்ததாக இருந்திருக்கலாம் என்ற எண்ணத்தை விலக்க முடியவில்லை.

*

இங்கே எதிர்த்தரப்பைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் பாதி அந்தப் பக்கம்தான்.

ஹேச்சரி ஒரு நல்ல காரியம். ஓட்டிலோ மண்சட்டியிலோ முட்டை வைக்கும். ஆண் மீன் ஒரு வாரம் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் காக்கும். பொரிக்கும் இரவில் ஓட்டை இருட்டறைத் தொட்டிக்கு மாற்றுவார்கள். ரோட்டிஃபர், பிறகு ஆர்டீமியா. இரண்டு வாரத்தில் வெள்ளைப் பட்டை விழ ஆரம்பிக்கும். கடலில் பிறந்திருந்தால் அந்தக் குஞ்சுகளில் கிட்டத்தட்ட எல்லாமே முதல் பத்து நாளில் மிதவையாக அலையும்போதே தின்னப்பட்டிருக்கும். இங்கே பாதியாவது பிழைக்கிறது. அந்தக் குஞ்சு எதையும் இழக்கவில்லை. இழக்க அதற்கு ஒன்றும் இருந்ததில்லை. அதற்கு அனிமோன் இல்லையே என்று நான் வருந்துவது, விமானத்தில் போகாத என் தாத்தாவுக்காக வருந்துவது மாதிரி. அந்த மீன் பம்ப் மூக்கில் சந்தோஷமாகவே தூங்குகிறது. மன்னார் வளைகுடா முழுக்க வெந்து போனாலும் செபே இனம் மண்டபத்துத் தொட்டிகளில் இருக்கும். அப்புறம் என்ன?

இதற்கு எனக்குக் கிடைத்த பதில் என் வேலையிலிருந்து வந்தது. மென்பொருளில் எங்களுக்கு ஒரு பழைய தலைவலி. "என் மெஷின்ல ஓடுதே" என்பான் எழுதியவன். வேறு கணினியில் வைத்தால் ஓடாது. காரணம், நிரல் என்பது எழுதிய வரிகள் மட்டுமல்ல. அவன் கணினியில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நூறு சில்லறைச் சாமான்களின் மேல் அது நின்றுகொண்டிருந்தது. இப்போது டாக்கர் மாதிரிக் கருவிகள் வந்துவிட்டன. ஒரு நிரலுக்கு எதெல்லாம் வேண்டும் என்று பட்டியல் போட்டு, அதையெல்லாம் ஒரே டப்பாவில் அடைத்தால், எங்கே வைத்தாலும் ஓடும். ஹேச்சரி செய்திருப்பதும் அதுதான். உப்பு இவ்வளவு, வெப்பம் இவ்வளவு, வெளிச்சம் இத்தனை மணி நேரம், தீனி இது. பட்டியலை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்ததில், அனிமோன் இல்லாமலும் ஓடுகிறது என்று தெரிந்தது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

ஆனால் அந்தப் பட்டியலுக்கு ஒரு திசை இருக்கிறது. இது ஓட எதெல்லாம் வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். எதெல்லாம் ஓட இது வேண்டும் என்பது அதே பட்டியலில் வரவே வராது. அதை யாராவது தனியாகத் தேடினால்தான் உண்டு. எங்கள் துறையில் இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து ஒரு பழைய சர்வீஸை ஒரு வெள்ளிக்கிழமை மாலை நிறுத்தினேன். அது நன்றாகவே நின்றது. அதைக் கேட்காமல் பயன்படுத்திக்கொண்டிருந்த ஏழு வேறு சர்வீஸ்கள் சனிக்கிழமை காலையில் விழுந்தன. மீனின் தேவைப் பட்டியலில் அனிமோனை அடித்துவிடலாம். அனிமோனின் தேவைப் பட்டியலில் மீன் இருக்கிறது: வண்ணத்துப்பூச்சி மீனை விரட்ட ஆள், உரம், இரவு மூச்சு. தொட்டியில் பாதுகாக்கப்பட்ட செபே, செபே இனத்தைக் காப்பாற்றுகிறது. செபே செய்துகொண்டிருந்த வேலையைக் காப்பாற்றவில்லை.

தத்துவத்தில் இதை வேறு மாதிரிச் சண்டை போட்டிருக்கிறார்கள். டாம் ரீகன் 1983-இல் எழுதிய விலங்குரிமைப் புத்தகத்தில், உரிமை என்பது தனி உயிருக்குத்தான். இனம், வாழிடம் என்று பேசி தனி உயிரைப் பலிகொடுப்பது ஒரு வகைப் பாசிசம் என்றே கடுமையாகச் சொன்னார். எதிர்ப்பக்கம் ஹோம்ஸ் ரோல்ஸ்டன். ஓர் இனம் என்பது அது வாழும் இடத்தோடு சேர்த்துத்தான் அந்த இனம், இடத்திலிருந்து பிரித்தால் மிஞ்சுவது அதன் ஒரு பகுதியே என்பது அவர் வாதம். ரீகனிடம் போனால் என் அனிமோனுக்கு இடமே இல்லை. மூளை இல்லாத உயிர், அது தன் வாழ்க்கையின் பொருட்டாக எதையும் உணர்கிறது என்று காட்ட முடியாது. மீனே அவர் கணக்கில் இழுபறி. எனக்கு ரோல்ஸ்டன் பக்கம்தான் சாய்வு. அதற்குக் காரணம் அவருடைய வாதத்தின் பலம் மட்டுமல்ல, நாம் சின்ன வயதில் பத்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த கருப்பொருள் பட்டியலும்தான். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ். அந்த வயதில் அது வெறும் அட்டவணை. இப்போது யோசித்தால், தொல்காப்பியத்தில் விலங்கு தனியாக வரவில்லை, ஒரு திணையின் விலங்காக வருகிறது. மனிதரின் தொழிலும் தெய்வமும் அதே வரிசையில் பக்கத்தில் நிற்கின்றன. நெய்தலிலிருந்து எடுத்து முல்லையில் வைத்தால் அது திணை மயக்கம். வரவேற்பறை எந்தத் திணை?

இது கொஞ்சம் வசதியான கேள்வி என்று எனக்கே தெரிகிறது. பழைய நூலை இழுத்து வந்து நிறுத்தினால் நமக்கு எல்லாம் முன்பே தெரியும் என்ற சுகம் வந்துவிடுகிறது. திணையை மனப்பாடம் செய்த நாம்தான் பாரையும் சுண்ணாம்பாக்கினோம்.

*

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா செம்மஞ்சேரியிலிருந்து வருகிறார். நாவலூருக்கு வடக்கே அடுத்த ஊர். 2004 சுனாமிக்குப் பிறகு சென்னைக் கடற்கரைக் குப்பங்களில் வீடிழந்தவர்கள் பலருக்கு அங்கேதான் குடிசை மாற்று வாரியத்தின் குடியிருப்பில் இடம் கொடுத்தார்கள். அவருடைய மாமியாரும் அப்படிப் பட்டினப்பாக்கத்திலிருந்து வந்தவர்.

மிக்ஜாம் கழிந்து தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அவர் துடைப்பத்தோடு வந்து நின்று பார்த்தார். பம்ப் மூக்கை உரசிக்கொண்டு நிற்கும் மீனைப் பார்த்து, "இது ஏன் சார் அங்கயே நிக்குது?" என்றார். அது பிறந்த கதையைச் சொன்னேன். வீடு வாங்கிக் கொடுத்தும் போகவில்லை என்றேன்.

"எங்க மாமியாவும் அப்டித்தான் சார். இங்க வூடு குட்த்தாங்க. சிமிட்டி வூடு, தண்ணி கொயா, கரண்ட்டு, அல்லாம் கீது. அது சாவுற வரிக்கும் காலில நாலு மணிக்கு எய்ந்து பஸ்ஸ புட்ச்சி பட்டினப்பாக்கம் போயி மீன் எட்த்து அங்கயே தெருத்தெருவா வித்துட்டுதான் வரும். இங்கியே விக்கக் கூடாதான்னு கேட்டா, 'அந்தத் தெருக்காரங்க எனக்காகக் காத்துனு இருப்பாங்கடி'ன்னும்."

மனிதரை மீனோடு ஒப்பிடுவது அநாகரிகம். நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன். அவர் செய்தார், சிரித்துக்கொண்டே செய்தார். நான் எழுத வந்ததை, 'எதெல்லாம் ஓட இது வேண்டும்' என்ற அந்த இரண்டாவது பட்டியலை, அந்த அம்மா டாக்கர் இல்லாமலேயே வைத்திருந்தார். மறுகுடியமர்த்தலைத் திட்டமிட்ட அதிகாரிகள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியிருப்பார்கள்: சுவர், கூரை, தண்ணீர், மின்சாரம். அந்தக் குடும்பம் யாருக்கு வேண்டும் என்று எழுத அந்தத் தாளில் கட்டமே இருந்திருக்காது.

அந்த அம்மா தினமும் நான்கு மணிக்குப் பேருந்து ஏறினார். கறுப்பு நீமோ ஜோடிக்குப் பேருந்து இல்லை. அது இப்போது யாருடைய வரவேற்பறையில் எந்தப் பம்பின் மூக்கில் நிற்கிறதோ. கடலில் பிடித்த மீன் பெல்லட்டுக்கு ஓடி வராது என்று கடைக்காரரே சொல்லியிருந்தார்.

*

மகளிடம் கடைசியில் சொன்னது இதுதான்: "இதக் கடல்ல விட்டா செத்துரும்மா. இங்கயே நாமளே பாத்துக்கலாம்." அவள் விடவில்லை. "தனியா இருக்கே?" என்றாள். இன்னொரு ஹேச்சரி மீன் வாங்கித் துணைக்கு விடலாம். சின்னதாகப் பார்த்து விட்டால் அது ஆணாகவே இருக்கும், சண்டை வராது. அதில் பெரிய பாவம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் இன்னும் வாங்கவில்லை. கடைக்குள் போனால் அந்த வாளியின் பக்கம் கண் போகும், அதில் யார் கிடக்கிறார்கள், அதில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும்; கேட்டால் கடைக்காரர் பதிலும் சொல்வார்.

கோமாளி மீன் கவனித்து வளர்த்தால் இருபது வருடமும் இருக்கும் என்கிறார்கள். இது இரண்டு வயது மீன். மகள் கல்லூரி முடிக்கும்வரை வரும். போன மாதம் பம்ப் பழுதாகி, அதே மாடல் கிடைக்காமல் சாம்பல் நிறத்தில் வேறொன்று மாட்டினேன். இரண்டு நாள் மீன் பழைய இடத்திலேயே, மூக்கு இல்லாத வெறும் மூலையில், தண்ணீரை உரசிக்கொண்டு நின்றது. மூன்றாவது நாள் ஸ்டோர் ரூமில் தேடி, ஓடாத அந்தப் பழைய கறுப்பு மூக்கை எடுத்துக் கழுவி, ஒரு கல்லில் கட்டி, அங்கேயே இறக்கி வைத்தேன்.